காற்றுப்பையில் புழு

தேவிப்ரியாவின் குடும்பம் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற குடும்பம். விலங்கியல் படித்த கையோடு, தென்பெண்ணைக் கரையில் அருணகிரி நடத்திய விலாங்குப் பண்ணையில் அவளுக்கு வேலை கிடைத்தது. வெளிநாட்டுக் குஞ்சுகள் சீக்கிரம் எடை போடும் என்று அவர் அவற்றைத்தான் வரவழைத்து வளர்த்தார்.

செத்து மிதந்த ஒன்றை அவள் அறுத்துப் பார்த்தாள். மீன் மிதக்க உதவும் காற்றுப்பைக்குள் ரத்தம் குடித்துக் கறுத்த புழுக்கள். அந்த நாட்டு மீன் இதோடு பிழைத்துக்கொள்ளும், பழக்கமில்லாத நம் ஆற்று மீன் தாங்காது என்று அருணகிரியிடம் சொன்னாள். தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டுகூட ஆற்றுக்குப் போகக் கூடாது என்றாள். சரி என்று தலையாட்டினார். ஐப்பசி மழையில் தொட்டிகள் நிரம்பியதும் அவரே மடையைத் திறந்துவிட்டார். தண்ணீரோடு குஞ்சுகளும் போயின.

அவள் கேட்டதற்கு, "ஆத்துல இல்லாத புழுவாம்மா?" என்றார்.

அவள் வேலையை விட்டாள்.

சில வருடம் கழித்து, ஆற்றில் வலை போடும் மணிவேல் போன் செய்தார். பண்ணை நாட்களிலிருந்தே பழக்கம். விலாங்கெல்லாம் கையில் பிடித்தாலும் துள்ளாமல் தொங்குகிறது என்றார். அவள் போய் அறுத்தாள். அதே புழு. காற்றுப்பை தடித்துச் சுருங்கிப் போயிருந்தது.

"தின்னா மனுசனுக்கு வருமா?"

"வராதுங்கண்ணா. ஆனா விலாங்கு கடலுக்குப் போய்தான் முட்ட போடும். இத வெச்சிக்கினு அவ்ளோ தூரம் நீந்தாது."

மணிவேல் மீதி மீன்களைக் கூடையில் போட்டு மூடினார். "வெளிய சொல்லிடாதம்மா. ஒருத்தனும் மீன் வாங்க மாட்டான்."

அவள் மீன்வளத் துறைக்குச் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதிகாரிகள் வந்து மீன்களை எடுத்துப் போனார்கள். புழு எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க வழியில்லை என்றார்கள். அதற்குள் பண்ணையை மூடிவிட்ட அருணகிரி, அதே இடத்தில் தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். சந்தையில் 'புழு மீன்' என்ற பேச்சு பரவி, கெண்டையைக்கூடச் சீண்ட ஆளில்லை. மணிவேல் வலையை விற்றார்.

தேவிப்ரியா இப்போது செங்கம் ரோட்டில் வேறொரு விடுதியில் அறை பதிவு பார்க்கிறாள். போன பௌர்ணமிக்கு கிரிவலத்தில் அடி அண்ணாமலைப் பக்கம் நடந்தபோது, தள்ளுவண்டியில் கொய்யா விற்றுக்கொண்டிருந்த மணிவேலைப் பார்த்தாள். நின்று நலம் விசாரித்தாள்.

"மீன காப்பாத்துனியா?" என்று கேட்டார்.

இல்லை என்றாள்.

"அப்புறம் எதுக்கு எங்க பொழப்புல கைய வெச்ச?"

அவள் பழம் வாங்கினாள். அவர் சில்லறையை அவள் கையில் தராமல் வண்டி மேல் வைத்துவிட்டு, அடுத்த ஆளுக்குப் பழம் நறுக்கத் தொடங்கினார்.