விரதம் இருந்த கினிப்பன்றி

கந்தசஷ்டி நாளொன்றில், உண்ணி பிடித்த என் நாயோடு மிருக வைத்தியரின் வாசல் வாங்கில் அமர்ந்து காத்திருந்தேன். நாயைவிட நான்தான் அதிகம் சொறிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர். அவர் மடியில், சால்வைக்குள், மயிர் சிலிர்த்த ஒரு கினிப்பன்றி.

"நேற்றிலிருந்து புல்லைத் தொடேல்லைத் தம்பி. நான் விரதம். எனக்குத் துணையாய் இவரும் இருக்கிறார் எண்டு நினைச்சன். மூலையிலை கண்ணைச் சொருகிக்கொண்டு குந்தியிருந்தார், தியானம் எண்டன். கத்தேல்லை, மௌனம் எண்டன். பிறகு பிழுக்கையும் நிண்டுபோச்சு. அதுக்குத்தான் சமயத்திலை விளக்கம் கிடைக்கேல்லை."

"உள்ளுக்கு ஏதும் போகாட்டி இரவு தாங்காது" என்றார் வெளியே வந்து பார்த்த வைத்தியர். அரைத்த புல்லை ஊசியில்லாத சிரிஞ்சில் நிரப்பிக் கொடுத்தார். கினிப்பன்றி வாயைத் திறக்கவில்லை. மனிதரின் முகம் சுண்டிப்போனது. சட்டென்று அந்தப் பச்சைக் களியில் கொஞ்சத்தைத் தன் வாயில் விட்டு, சத்தம் வரச் சப்பினார்.

"பாரும், நானும் தின்னுறன். இனி நீரும் தின்னலாம்."

வடை வாசத்துக்கு விரதம் முறித்தவன் நான். புல்லுக்கு முறித்தவரை அன்றுதான் கண்டேன். சிரிஞ்சின் நுனியில் கினிப்பன்றியின் தாடை மெல்ல அசைந்தது.

"அண்ணை, உங்கடை விரதம்?" என்றேன்.

"சத்தம் போடாதையும் தம்பி. விழுங்கிறார்."