மஞ்சள் முடிச்சும் எண்பத்திரண்டும்

அரசாங்க கிளார்க் வேலைக்கான பரீட்சையை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஒரே இடத்தில் கவிழ்ந்தவள் நான். தமிழில் பாஸ், பொது அறிவில் பாஸ். எண் தொடர், கட்டக் கணக்கு என்று ஒரு பகுதி வருமே, அதில்தான் மண்ணைக் கவ்வினேன். அந்தப் பகுதிக்குத் தனியாக ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. அதைத் தொடாவிட்டால் மற்றதில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை.

மூன்றாவது முறை எழுதப் போனபோது எனக்கு இருபத்தெட்டு வயது. அம்மா ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் பழம் பறிப்பவள். வயது வரம்பு வந்துவிட்டதால் தை மாதத்தோடு அவளுக்கு வேலை முடிகிறது. வீட்டில் ஒரு ஆளாவது எஸ்டேட்டில் வேலை பார்த்தால்தான் எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருக்க முடியும். அப்பா செத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. ஆள் என்றால் இனி நான்தான். எஸ்டேட் ஆபீஸ் ரைட்டர் வாசலில் நின்று சொன்னார்:

"ஏனுங்கம்மா, மாசி ஒண்ணாந்தேதிக்குள்ள உங்க புள்ள பேரப் பதிஞ்சிருங்க. இல்லீன்னா ஊட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. நான் என்னுங்க பண்றது?"

"பதிஞ்சர்லாமுங்க" என்றாள் அம்மா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குச் சும்மாவே மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் தலை மறைந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "நான் பெயிலாவேன்னு முடிவே கட்டிட்டியா?"

"அப்பிடி இல்ல கண்ணு. உங்கப்பன அடக்கம் பண்ணுன மேடு இந்த வாசல்ல நின்னாத் தெரியுது. இத்த உட்டுப்போட்டு நான் எங்க போவேன்?"

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். இந்த ஒரு தடவை எழுதுகிறேன், தேறாவிட்டால் வாயை மூடிக்கொண்டு பேரைப் பதிகிறேன் என்றேன். அதாவது நான் பாஸானால் வீடு போகும். பெயிலானால் வீடு நிற்கும், நான் கூடையோடு காப்பிச் செடிக்குள் போவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து சேலம் போய் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தேன். அங்கேதான் என் வியாதி என்னவென்று தெரிந்தது. எண்களைக் கட்டத்தில் போட்டுக் கொடுத்தால், முதல் வரிசையை இடமிருந்து வலமாகப் படிப்பேன். அடுத்த வரிசையை வலமிருந்து இடமாகப் படிப்பேன். எனக்கே தெரியாமல் அது நடக்கும். சிறு வயதிலிருந்து லீவு நாளெல்லாம் அம்மாவோடு பழம் பறித்த பழக்கம் அது. சரிவில் ஒரு வரிசையில் பறித்துக்கொண்டே ஏறினால், அடுத்த வரிசையில் பறித்துக்கொண்டே இறங்குவோம். வெறுங்கையோடு கீழே இறங்கிப் போய் மறுபடி அடியிலிருந்து ஏற எங்களுக்கு என்ன பைத்தியமா?

வாத்தியார் என் நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். "இந்தம்மா என்னமா வளைஞ்சு வளைஞ்சு போகுது பாருங்க! ஏம்மா, ஏற்காட்டு ரோடு ஞாபகமா?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றிலிருந்து கட்டக் கணக்கு என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் இடப்பக்கம் ஒரு சின்ன அம்புக்குறி போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் படித்தேன். மூன்று மாதத்தில் பழக்கம் மாறியது.

பரீட்சை அன்று விடிகாலையில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரு புது மஞ்சள் துணி முடிச்சு தொங்கியது. அம்மா மலை மேல் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு காசு முடிந்திருக்கிறாள் என்று புரிந்தது. வேண்டியது நடந்தால் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மனசு நெகிழ்ந்துபோயிற்று. என்னதான் வாய் பேசினாலும் பெற்றவள் பெற்றவள்தான் என்று நினைத்தேன். "நல்லா எழுது சாமி" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. மற்ற பகுதிகள் மளமளவென்று போயின. எண் தொடர்களும் பரவாயில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் ஐந்து கட்டக் கணக்குகள். முதல் கட்டம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. மேல் வரிசையில் 2, 5, 10. நடுவில் 37, 26, 17. கீழே 50, 65, ஒரு கேள்விக்குறி.

அம்புக்குறி போட்டேன். நேராகப் படித்தேன். பத்துக்கு அப்புறம் முப்பத்தேழு, அப்புறம் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. கூட்டினேன், கழித்தேன், பெருக்கினேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. மற்ற நாலு கட்டங்களிலும் இதே கூத்து. இந்த ஐந்தையும் விட்டால் மூன்றாவது முறையும் அதே பகுதியில் அவுட் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றார் கண்காணிப்பாளர்.

முதல் கட்டத்தை மறுபடி பார்த்தேன். பத்துக்கு நேர் கீழே பதினேழு இருந்தது. ஏழு வித்தியாசம். அதற்கு முன்னால் மூன்று, ஐந்து. அட கடவுளே! பதினேழிலிருந்து இடப்பக்கமாக நடந்தேன். இருபத்தாறு, ஒன்பது வித்தியாசம். முப்பத்தேழு, பதினொன்று. அதற்கு நேர் கீழே ஐம்பது, பதிமூன்று. அறுபத்தைந்து, பதினைந்து. அப்படியானால் அடுத்தது பதினேழு கூட வேண்டும். எண்பத்திரண்டு. ஏறி இறங்கி ஏறுகிற எங்கள் வரிசை!

விடைகளில் எண்பத்திரண்டு இருந்தது. பென்சிலை விடைத்தாளில் அதற்கான வட்டத்துக்கு மேல் கொண்டுபோனேன், கை நின்றுவிட்டது. பொய் சொல்ல மாட்டேன். இதை விட்டுவிட்டால் வீடு நிற்கும் என்று தோன்றியது. வாசலில் நின்று அம்மா அந்த மேட்டைப் பார்ப்பது தெரிந்தது. விட்டுவிடு, யாருக்கும் தெரியப்போவதில்லை என்றது மனசு. கூடவே அந்த மஞ்சள் முடிச்சும் ஞாபகம் வந்தது. எனக்காக அவளே வேண்டியிருக்கிறாளே என்று வட்டத்தைக் கருப்பாக்கினேன். அடுத்த நான்கு கட்டங்களையும் அதே மாதிரி வளைந்து படித்து முடிக்கவும் மணி அடித்தது.

மார்கழியில் பேப்பரில் என் நம்பர் வந்தது. நான் குதித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பாசாயிருக்கேன், எழவு உழுந்த மாதிரி அழுவுற!" என்று கத்தினேன்.

"நீ பெயிலாகோணும்னுதான் முடிஞ்சு வெச்சேன் சாமி" என்றாள்.

நான் ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஹாலில் என் பென்சில் நின்ற கதையை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இன்றுவரை சொல்லவும் இல்லை.

மாசி பிறப்பதற்கு முன்னால் சாமான்களை ஜீப்பில் ஏற்றினோம். அம்மா வாசலில் நின்று மேட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு உள்ளே போய் முடிச்சை அவிழ்த்து எடுத்து வந்து, டிரைவரிடம் வண்டியைக் கோயில் பக்கம் விடச் சொன்னாள்.

"நீ வேண்டுனது நடக்கலையே, அதை எதுக்குக் கொண்டு போற?" என்றேன். கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை எனக்கு.

"அந்தச் சாமி நடக்காம உட்டுச்சே, அதுக்குத்தான் கண்ணு."