சுவரில் ஒட்டிய கடைசி அத்தியாயம்

இருங்காட்டுக்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அக்காவோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். எனக்குத் திண்டிவனம் பக்கம், அவருக்குச் சங்கரன்கோவில். இரண்டு பேருக்கும் ஒரே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிதான், ஆனால் ஷிஃப்ட் வேறு. நான் காலையில் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். நான் திரும்பும்போது கம்பெனி பஸ்ஸுக்காகத் தலை பின்னிக்கொண்டிருப்பார். ஆகவே பகல் முழுக்க அறை அவருடையது. அறையில் இருந்த என் புத்தகங்களும் அவருடையவைதான் என்று அவரே முடிவுசெய்துகொண்டதில் ஆரம்பித்தது என் தலைவலி.

கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்கார அம்மாவின் டிவியில், பழைய புத்தகத் தாளில் ரோஜாப்பூ செய்வது எப்படி என்று யாரோ காட்டியிருக்கிறார்கள். அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து என் டிப்ளமோ பாடப்புத்தகம் ஒன்றைக் கேட்டார். இனி அதனால் எனக்கு ஆவது ஒன்றுமில்லை என்று கொடுத்தேன். ஒரே வாரத்தில் மின்சுற்றுப் படங்களெல்லாம் பூக்களாகி ஜன்னல் கம்பியில் தொங்கின. அதற்கப்புறம் தோரணம், விசிறி, பேனா வைக்கிற குவளை. மைதா பசையை என் பால் பாத்திரத்தில்தான் காய்ச்சுவார். வேறு பாத்திரம் எடுங்கள் என்றால், இதில்தான் அடிப்பிடிக்காது என்பார். என் காபியில் பசை வாடை. பசைக்கு எறும்பு வந்தது, எறும்பை விரட்டினால் கரப்பான் வந்தது. எவ்வளவு பெருக்கினாலும் தாள் துணுக்கு தீராது. ஒருநாள் என் ரசத்தில் ‘ஆகவே’ என்ற சொல் மிதந்தது.

திட்டினால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார், அதுதான் எரிச்சல். கம்பெனியில் அவருக்கு மைக்ராஸ்கோப் வேலை. லென்ஸில் கண்ணை வைத்து, பொடிப்பொடியான பாகங்களைச் சரிபார்த்து அடுத்த ஆளுக்குத் தள்ளவேண்டும்.

"நாளெல்லாம் பாத்துப் பாத்துத் தள்ளுதேன். எதுல கொண்டுபோயி மாட்டுதாவன்னுகூடத் தெரியலட்டி. இதுன்னா நான் செஞ்சதுன்னு செவுத்துல தெரியுதுல்லா" என்றார் ஒருமுறை.

நியாயம்தான். அந்த நியாயத்தில் என் பால் பாத்திரம் எங்கே வருகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அப்போது ஸ்ரீபெரும்புதூர் நூலகத்திலிருந்து ஒரு தடித்த நாவல் எடுத்து வந்திருந்தேன். மேலட்டை கழன்று, தாளெல்லாம் பழுத்துப்போன பிரதி. கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிய ஒரு டீச்சரின் கதை. கம்பெனி பஸ்ஸில் போகவர அதைத்தான் படித்தேன். மழையில் டீச்சர் ரயிலைவிட்டு இறங்குகிற இடத்தில் நிறுத்திவிட்டு, கடைசி அத்தியாயத்தை லீவு நாளுக்கு மிச்சம் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, டீ போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரித்தால், ரயிலுக்கு அடுத்தது பின்னட்டை.

"அக்கா, இதுல பின்னாடி பக்கம்லாம் இன்னா ஆச்சு?"

அக்கா தோசையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "மேலட்டையே இல்லாம கெடந்துச்சேட்டி, வேண்டாத புஸ்தகம்னு நெனச்சேன். அப்பவும் நீ படிக்கியேன்னு முன்னால தொடல. பின்னாலதான் எடுத்தேன்."

முன்னால் படிக்கிறவள் ஒருநாள் பின்னாலும் வருவாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நூலகப் புத்தகம் என்று சொன்னதும்தான் தோசையைக் கீழே வைத்தார்.

அந்தப் பக்கங்களைக் கூம்பு கூம்பாகச் சுருட்டி, வட்ட அட்டையில் சூரியகாந்தி மாதிரி ஒட்டி, வீட்டுக்கார அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாராம். கீழே போய்ப் பார்த்தோம். டிவிக்கு மேலே ஆணி அறைந்து மாட்டியிருந்தது. நட்டநடுவில் நூலகத்தின் ஊதா முத்திரை. அழகாக இருக்கிறதென்று அக்கா அதைத் தேடி நடுவில் வைத்திருக்கிறார்.

வீட்டுக்கார அம்மா கழற்றித் தர மறுத்துவிட்டார். "குடுத்தத திரும்பக் கேட்டா இன்னாம்மா அர்த்தம்? வர்றவங்கல்லாம் நல்லா கீதுன்னு சொல்லிட்டுப் போறாங்க."

படித்துக்கொள்ளவாவது விடுங்கள் என்று கெஞ்சி, ஸ்டூல் போட்டு ஏறினேன். ஒரு கூம்புக்குள் எட்டிப் பார்த்தால் நாலைந்து வரி தெரியும், மிச்சம் சுருளுக்குள் போய்விடும். சில வரிகள் தலைகீழ். எந்தத் தாளுக்கு அடுத்து எந்தத் தாளைச் சுருட்டினோம் என்று அக்கா ஸ்டூலைப் பிடித்தபடி யோசித்துச் சொன்னார், சொன்னதெல்லாம் தப்பு. டிவி மறைக்கிறது என்று வீட்டுக்கார அம்மா முதலில் முணுமுணுத்தார். குடையில்லாமல் டீச்சர் நடக்கிற வரியை நான் வாய்விட்டுப் படித்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "அப்பால?" என்றார். முன்கதை முழுவதையும் அவருக்குச் சொல்லவேண்டியதாயிற்று. கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஒரு கூம்பில் ‘கதவைத் தட்டினாள்’ என்றிருந்தது. பக்கத்துக் கூம்பில் ‘திறந்தவன் விலகி வழிவிட்டான்’.

வீட்டுக்கார அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வந்துட்டா பாரு" என்றார். வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்த அவருடைய மகள் இந்த வீட்டோடு பேச்சை நிறுத்தி வெகுகாலமாகிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதற்குமேல் நான் கூம்புகளைக் கிண்டவில்லை.

நூலகர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: அதே புத்தகம் வேண்டும். அது அச்சில் இல்லை. ஓவர்டைம் இல்லாத ஞாயிறுகளில் காஞ்சிபுரத்துப் பழைய பேப்பர் கடைகளில் ஏறி இறங்கினேன். உதவிக்கு என்று அக்காவும் வந்தார். வந்தவர் புத்தகத் தலைப்பைப் பார்க்கவேண்டாமா? தாளைத் தடவித் தடவி, இது நன்றாக வளையும், இது மடித்தால் கிழியும் என்று கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு குவியலின் அடியில் ஒரு பிரதி கிடைத்தது. அங்கேயே நின்று படித்தேன். டீச்சர் தட்டியது தோழி வீட்டுக் கதவை. திறந்தவன் தோழியின் தம்பி. கணவன் வீட்டுப் பக்கம் அவள் தலைவைத்தும் படுக்கவில்லை. வேறு ஊரில் வேலைக்குச் சேர்கிறாள், கதை முடிகிறது.

வீட்டுக்கார அம்மா அன்று கதை கேட்டாரே என்று போய்ச் சொன்னேன். புத்தகத்தையும் விரித்து நீட்டினேன். அவர் பார்க்கவே இல்லை.

"அதெல்லாம் கெடயாது. எங்க வூட்டு செவுத்துல அவ வந்துட்டா."

புத்தகத்திலேயே இருக்கிறதே என்று நான் வாதாடப் போக, அக்கா கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். "விடுட்டி. அவங்க சொல்லுதது உன் கதையவிட நல்லாத்தான இருக்கு" என்றார். கதை என்னுடையது இல்லை என்று அவருக்கு விளக்கவும் எனக்குத் தெம்பில்லை.

நல்ல பிரதியைக் கொடுத்ததும் நூலகர் பதிவுசெய்துவிட்டு, கடைசி அத்தியாயம் போன பிரதியை எங்கள் பக்கமே தள்ளினார். நூலகப் படி இறங்குவதற்குள் அக்கா அதை என் கையிலிருந்து வாங்கி, மிச்சப் பக்கங்களைக் கட்டைவிரலால் ஓட்டிப் பார்த்தார்.

"இனி இது நம்மளதுதானட்டி?"

நான் அதைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தேன். பஸ்ஸில் இருங்காட்டுக்கோட்டை வரும்வரை பையை மடியைவிட்டு இறக்கவில்லை.