நேராக நடந்த மூன்று நாட்கள்

இருபது வருஷம் குடித்த காலத்தில் ரசமட்டத்தின் கால் ஒருநாளும் தடுமாறியதில்லை. குடியை விட்ட பிறகுதான் மனிதர் தள்ளாட ஆரம்பித்தார். சொன்னால் யார் நம்புவார்கள்?

ரசமட்டம் என்பது டைல்ஸ் ஒட்டும் அந்தக் கொத்தனாருக்குத் தொழிலில் விழுந்த பெயர். தரை ஒரு நூல் சாய்ந்தாலும் ரசமட்டக் கருவியே வைக்காமல் கண்ணால் சொல்லிவிடுவார். மூக்குமுட்டக் குடித்தாலும் வீட்டுக்கு நேர்கோட்டில்தான் வருவார். நடையை வைத்து அவர் மனைவியால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். சட்டையில் பட்டது என்ன, எத்தனை நாள் பழசு என்பதை மூக்கே சொல்லிவிடும்.

ஒருநாள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள். "இன்னொரு தடவை அந்த வாடை வந்துச்சு, அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். அவர் மறுநாளே டாக்டரிடம் ஓடினார். குடிக்கிற ஆசையை அடக்க ஒரு மாத்திரை கிடைத்தது.

மாத்திரை ஆசையை அடக்கியது. கூடவே அவரையும் அடக்கிவிட்டது. காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால், பத்து மணிக்குத் தரை ஊஞ்சலாடும். ஒட்டிய டைல்ஸ் எல்லாம் கைகோத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் கிளம்பும்.

"என்னண்ணே, காலையிலேயேவா?" என்றார் காண்ட்ராக்டர்.

"சத்தியமா இல்லப்பா. மாத்திரை!"

"ஓ, இப்ப சரக்கு மாத்திரையாவே வருதா?"

சாயங்காலம் தெருவின் இரண்டு பக்கச் சுவர்களையும் மாறிமாறிக் குசலம் விசாரித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மனைவி வாயை முகர்ந்தாள், சட்டையை முகர்ந்தாள். சிமெண்ட் வாசனைதான். சந்தேகம் தீராமல் உள்ளங்கையையும் முகர்ந்தாள்.

"கையாலயா குடிப்பாங்க?" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டு டிரைவர் சிரித்தது வேறு சிரிப்பு. "விட்டுட்டாருன்னு சொன்னீங்களே அண்ணி?" அவள் முகம் வாடிப்போனது. அதைத்தான் ரசமட்டத்தால் தாங்க முடியவில்லை. மறுநாள் முதல் மாத்திரையை விழுங்குவதுபோல் நடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பெரிய கெட்டிக்காரர் என்று நினைப்பு!

முதல் நாள் நேராக நடந்தார். இரண்டாம் நாளும் அப்படியே. டிரைவரே எழுந்து வணக்கம் வைத்தார். மனைவிக்கு வாயெல்லாம் பல். மூன்றாம் நாள் வேலை முடிந்து கை கழுவும்போது நாக்கு வறண்டது. கால்கள் துளித் தள்ளாட்டமும் இல்லாமல், நூல் பிடித்தாற்போல், அவரை மதுக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தின.

கடைக்காரர் பழைய சிநேகிதர். கேட்காமலே பாட்டிலை எடுத்து வைத்தார். ரசமட்டம் பாட்டிலை எடுக்கக் கை நீட்டினார், அழுகை வந்தது. அந்தக் கையாலேயே போனை எடுத்தார்.

"ஏம்மா, நான் நேரா நடக்கறேன்."

"நல்லதுதானே? அதுக்கு எதுக்கு போன்?"

"நல்லதில்ல. மாத்திரை போட்டு மூணு நாளாச்சு. கடை வாசல்ல நிக்கறேன். சீக்கிரம் வா."

யாருடைய சட்டை மேலோ இஸ்திரிப் பெட்டியை வைத்தது வைத்தபடி விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவரைத் தரதரவென்று எதிர்ச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துப்போய் உட்கார வைத்து, ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"வெறும் வயித்துலயா?" நர்ஸ் கத்தியது பக்கத்து மேஜைக்கும் கேட்டது. "சாப்பிட்டுட்டுப் போடணும்னு சீட்டுலயே எழுதியிருக்கே! இப்ப நல்லா சாப்பிட வெச்சு, பாதி குடுங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க. இந்தக் கிறுகிறுப்பெல்லாம் போகப்போகக் குறையும்."

ரொட்டி, இரண்டு அவித்த முட்டை, பிறகு சட்டைப்பையில் கிடந்த மாத்திரையில் பாதி. அவர் விழுங்கும்வரை அவள் கண் கொட்டவில்லை.

"ஊர் வாய்க்குப் பயந்தா மாத்திரையை நிறுத்துனீங்க?"

"நீதான் உள்ளங்கையைக்கூட முகர்ந்தியே."

"முகருவேன். சாகற வரைக்கும் முகருவேன். நீங்க தள்ளாடியே வாங்க, போதும்."

வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது தரை மெல்ல ஆட ஆரம்பித்தது. அவள் தோளில் அவருடைய கனம் இறங்க, இருவருமாக இடப்பக்கம் போனார்கள், வலப்பக்கம் போனார்கள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

டிரைவர் வாயைப் பிளந்தார். "என்ன அண்ணி, இப்ப ரெண்டு பேருமா?"

"ஆமா, ரெண்டு பேரும்தான்!" என்றாள் அவள், அவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.