கைநாட்டு வைக்காத திங்கட்கிழமை

கர்த்தருடைய பிள்ளைகளே, என் வலது கையில் இப்போது மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போன வருடம் ஆகஸ்ட் மாதம் போய்விட்டன. என் கை பழையபடி ஆகவேண்டும் என்று எத்தனையோ நாள் அழுது ஜெபித்தேன். அது நடக்கவில்லை. நடந்தது வேறு. அதைச் சொல்லத்தான் இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. அச்சில் வரும்போது நேராகிவிடும் என்ற தைரியம்தான்.

நான் பெங்களூர் காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். பொம்மசந்திராவில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை பார்த்தேன். அந்த வேலையை வாங்கித் தந்தவர் எங்கள் சபையைச் சேர்ந்த ஜெயசீலன் அண்ணன். அவர் அங்கே சூப்பர்வைசர். என் கணவர் டேவிட் முதுகுவலியால் ஆட்டோ ஓட்ட முடியாமல் வீட்டில் படுத்திருந்த சமயம் அது. ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் என்னிடம் வந்து, "நாளைக்குக் காலையில என்கூட வா தங்கச்சி" என்றார். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அவரால். அந்த நன்றியை நான் மறந்ததே இல்லை.

நான் நின்ற மெஷின் அட்டையை அழுத்தி வெட்டும். கை உள்ளே போகாமல் இருக்க முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. தடுப்பு இருந்தால் வேலை மெதுவாகிறது என்று அதைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. அன்று மதியம் ஒரு அட்டை சிக்கிக்கொண்டது. எடுக்கக் கை நீட்டினேன். பக்கத்து மெஷினில் இருந்த மஞ்சுளா ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாதாமாதம் எங்கள் சம்பளத்தில் வைத்தியத்துக்கென்று பிடித்தம் செய்கிறார்களே, அதற்கென்று அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போனால் கம்பெனியில் நடந்த விபத்து என்று பதிவாகிவிடும். அதனால் அண்ணன் என்னை ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க என் தலையில் கை வைத்து ஜெபித்தார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது நடிப்பு இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். வாசலில் இறங்கும்போது குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"உள்ள கேட்டா, வீட்டு கிரைண்டர்ல கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடும்மா. கம்பெனி எல்லாத்தையும் பாத்துக்கும். நான் இருக்கேன்ல."

எனக்கு வாய் நீளம் என்று டேவிட் கிண்டல் செய்வார். அந்த நீள வாய் அன்றைக்கு எங்கே போனதோ. டாக்டர் கேட்டார். கிரைண்டர் என்றேன்.

முதலில் கம்பெனி பார்த்துக்கொள்ளத்தான் செய்தது. ஆபரேஷன் செலவைக் கட்டினார்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலும் பழமும் வந்தன. பிறகு போன் குறைந்தது. பிறகு அண்ணனும் வீட்டுப்பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். எனக்குக் கட்டைவிரலும் மடங்கவில்லை. டம்ளரைப் பிடித்தால் நழுவியது. ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கு இடுப்புவரை முடி. தினமும் காலையில் இரட்டைப் பின்னல் போட்டு அனுப்புவது என் வேலை. ஒரு நாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து தோளுக்கு மேலே வெட்டிய முடியோடு வந்து நின்றாள். "எனக்குக் குட்டை முடிதாம்மா புடிச்சிருக்கு" என்றாள். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

"ஒரு வக்கீலைப் போய்ப் பாக்கலாமா?" என்று டேவிட் கேட்டார்.

"நம்ம சபை ஆளைக் கோர்ட்டுக்கு இழுக்கச் சொல்றீங்களா?" என்று அவர்மேல் பாய்ந்தேன். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குக்குப் போகக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். வக்கீல் என்ற பேச்சே அவிசுவாசம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து, கம்பெனிக்காரர்களின் மனதை இளக்கும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். அவர்கள் மனது இளகவில்லை. நான்தான் இளைத்தேன்.

அக்டோபர் கடைசியில் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். நானாகவே வேலையை விடுகிறேன், கையில் பட்ட அடி வீட்டில் பட்டது, இனிமேல் எதுவும் கேட்க மாட்டேன் என்று ஒரு காகிதத்தில் எழுதியிருந்தது. என்னால் பேனா பிடிக்க முடியாது என்று சொன்னேன். ஆபீசில் இருந்தவர் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"பரவால்லம்மா, இடது கை கைநாட்டு போதும்."

பத்தாவது பாஸ் செய்தவள் நான். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவள். அந்த மைப்பெட்டியைப் பார்த்தபோது விரல் போன அன்று அழாத அழுகை வந்தது. ஜெபம் பண்ணிவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்தார்கள். ஆண்டவரே, திங்கட்கிழமைக்குள் எனக்கு ஒரு வழி காட்டும், இல்லாவிட்டால் கைநாட்டு வைத்துவிடுவேன் என்று நேரடியாகவே சொல்லிவிட்டேன்.

இடையில் வந்த ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. பீடத்தின் முன்னால் கரும்பும் பூசணிக்காயும் வாழைத்தாரும் குவிந்திருந்தன. பண்டிகையன்று ஆண்டவர் செய்த நன்மையைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆராதனைக்கு முன்னால் ஜெயசீலன் அண்ணன் வந்து, "உயிர் தப்பினதுக்கு நன்றி சொல்லு தங்கச்சி. கம்பெனி செஞ்சதையும் ரெண்டு வார்த்தை சேத்துக்கோ" என்றார். சரி என்றேன். அவரிடம் எனக்குச் சரி என்று மட்டும்தான் சொல்லத் தெரியும்.

மைக்கை இடது கையில் வாங்கினேன். ஆகஸ்ட் மாதம் எனக்கு ஒரு விபத்து நடந்தது என்று தொடங்கினேன். அடுத்தது கிரைண்டர் என்று வரவேண்டும். டாக்டரிடம் சொன்ன சொல், பக்கத்து வீட்டில் சொன்ன சொல், சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொன்ன சொல். ஆலயத்தில் நின்று, ஆண்டவருக்கு நன்றி சொல்ல வந்துவிட்டு, அந்தச் சொல் நாக்கில் ஏறவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். சபையார் நான் அழுகிறேன் என்று நினைத்து அல்லேலூயா சொன்னார்கள். நான் அழவில்லை, பயந்துபோயிருந்தேன்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க" என்றேன் மைக்கிலேயே. "கிரைண்டர் இல்ல. கம்பெனி மெஷின்ல போச்சு. தடுப்பைக் கழட்டி வச்சிருந்தாங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி சுகந்தி அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டேவிட் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். பாதிச் சாட்சியோடு போய் உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்து, வெளியே பந்தலில் காணிக்கையாக வந்த காய்கனிகளின் ஏலம் நடந்துகொண்டிருந்தது. எமிலி அக்கா என்னைத் தேடி வந்தார். பாடகர் குழுவில் பாடுகிறவர். தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் என்பது சபைக்கே தெரியும்.

"இத்தனை நாள் ஏன்மா என்கிட்ட வரல?"

"ஜெபம் பண்ணிட்டு இருந்தேன்க்கா."

"நானும் அதே கோயில்லதானே உக்காந்திருக்கேன்." கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். கம்பெனி கேட்ட கைநாட்டைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தார். "என்னைப் பாத்தா கேஸ் போட்டே ஆகணும்னு இல்லம்மா. உனக்கு என்ன உரிமை இருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோ. போடலாமா வேணாமான்னு அப்புறம் ஜெபம் பண்ணு. ஆனா நாளைக்குக் கைநாட்டு வைக்காத. வச்சுட்டா நான் செய்றதுக்குப் பெருசா ஒண்ணும் இருக்காது."

நான் கேட்ட வழி இதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம், பூசணிக்காய் ஏலத்துக்கு நடுவில் வந்தது. திங்கட்கிழமை நான் பொம்மசந்திராவுக்குப் போகவில்லை. எமிலி அக்காவின் ஆபீசுக்குப் போனேன். அடிபட்ட வாரமே வந்திருந்தால் பாதி சிரமம் இருந்திருக்காது என்றார். நர்சிங் ஹோமில் சொன்ன கிரைண்டர் கதையை மாற்ற, நேரில் பார்த்த ஒருவர் வேண்டும் என்றும் சொன்னார். யார் வருவார்கள்? அங்கே எல்லோருக்கும் வயிறு இருக்கிறது. மறுபடி முழங்கால் போட்டேன். தயங்கித் தயங்கி மஞ்சுளாவுக்குப் போன் செய்தேன். நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது.

"சுவிட்ச் ஆஃப் பண்ணது நானுதானே அக்கா. எல்லி பேக்காத்ரூ பந்து ஹேள்தீனி."

எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்று கன்னடத்தில் அர்த்தம். சொன்னபடியே வந்தாள். அவள் சாமி வேறு, என் சாமி வேறு. ஆனால் என் ஜெபத்துக்குப் பதிலாக வந்தவள் அவள். அடுத்த மாதமே அவளுடைய கான்ட்ராக்டை நிறுத்திவிட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. "நன்கே பேரே கெலசா சிக்குத்தே, விடுக்கா" என்று அவள்தான் எனக்குத் தேறுதல் சொன்னாள். வேறு வேலை கிடைக்கும் என்றாள். இப்போது ஒரு கார்மென்ட்ஸில் இருக்கிறாள்.

இன்று கம்பெனி விபத்து என்று பதிவாகிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் என் கைக்கு வைத்தியம் நடக்கிறது, கட்டைவிரல் கொஞ்சம் மடங்குகிறது. மாதாமாதம் உதவித்தொகை வருகிறது. கம்பெனி மேல் கொடுத்த மற்ற புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. அந்த மெஷினில் தடுப்பை மறுபடி மாட்டிவிட்டார்களாம். அதைக் கேட்ட அன்று டேவிட்டும் நானும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொன்னோம்.

இதை வாசிக்கிறவர்களில் வேலையிடத்தில் அடிபட்டுப் படுத்திருப்பவர் யாராவது இருந்தால், ஜெபம் பண்ணுங்கள். அன்றைக்கே உண்மையைச் சொல்லுங்கள், அன்றைக்கே விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள். ஆண்டவர் ஆள் அனுப்புவார் என்று நான் காத்திருந்தேன். அனுப்பிய ஆள் எனக்கு நாலு வரிசை முன்னால் பாடிக்கொண்டிருந்தார்.

ஜெயசீலன் அண்ணன் குடும்பம் இப்போது வேறு சபைக்குப் போகிறது. கிறிஸ்துமஸுக்கு நான் கேக் கொண்டுபோனேன். சுகந்தி அண்ணி கதவைத் திறந்து, என் கையைப் பார்த்துவிட்டு மூடிவிட்டார். என் வீட்டு அடுப்பை எரிய வைத்தவர்கள் அவர்கள். தினமும் அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். இதற்கு எந்த வக்கீலிடம் போவது என்று தெரியவில்லை. இன்னும் பதில் வரவில்லை. நீங்களும் எங்களுக்காகக் கேளுங்கள்.