இருபத்து மூன்று பெண்களின் கையெழுத்து

எங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த முதல் பெண் நான். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு அப்போதும் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்துக்குள் இரண்டு ஊர் இருந்தது. ஒரு பக்கம் எங்கள் பழைய தெரு. எதிரே, எங்கள் வயல்களை மனை போட்டு விற்றதில் எழும்பிய காலனி. நடுவே மண் ரோடு. அதைத் தாண்டி எங்கள் தெருப் பால் போகும், ஆட்கள் போக மாட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது ரேஷன் கடைத் தொல்லைதான். டின்னைத் தூக்கிக்கொண்டு வேளச்சேரி சாலையில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டும். ‘மண்ணெண்ணெய் இல்லை’ என்று பலகை தொங்கும். அதைப் படிக்கத் தெரியாமல் அம்மா மதியம் வரை நின்றுவிட்டு வந்த நாட்கள் உண்டு.

பக்கத்திலேயே ஒரு கடை கேட்டு மனு போடக் காலனிச் சங்கம் முடிவு செய்தது. சங்கத்தின் செயலாளர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“எங்க கார்டு மட்டும் பத்தாதும்மா. உங்க தெரு லேடீஸ்கிட்ட நீ சைன் வாங்கிக் கொடு. படிச்ச பொண்ணு, உன்னை நம்பி விடறேன்.”

தாள்களோடு ஒரு ஸ்டாம்ப் பேடும் தந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

முதல் தாளில் காலனி ஆண்களின் கையெழுத்துகள் ஆங்கிலத்தில் சாய்ந்து ஓடின. சிலவற்றின் அடியில் கோடும் இரண்டு புள்ளியும். அதற்குக் கீழே இனி வரிசையாக நீலக் கட்டைவிரல் ரேகைகள் விழும், முதல் ரேகை என் அம்மாவுடையது. நினைத்துப் பார்க்கவே கூசியது. வீடு வீடாகப் போய்க் கார்டு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டேன். “ரேகை வெக்க வாணாமா?” என்று கேட்டவர்களிடம், “நான் பாத்துக்கறேன்” என்றேன். வீட்டில் உட்கார்ந்து இருபத்து மூன்று பெயர்களையும் நானே கையெழுத்தாகப் போட்டேன். பேனாவை மாற்றினேன். எருமை வைத்திருந்த அத்தைக்கு இடது கையால், நடுங்கும் எழுத்து. செய்யும்போது பெருமையாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்துச் செயலாளர் உற்சாகமாக வந்தார். சனிக்கிழமை காலை ரேஷன் ஆபீஸ் அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வருகிறாராம். மனுவில் உள்ளவர்களை நேரில் பார்த்துக் கையெழுத்தைச் சரிபார்ப்பாராம். “எல்லாரும் வந்தா போதும், கடை கிடைச்ச மாதிரிதான்.”

அன்று வியாழன். பொய் என்று தெரிந்தால் மனு போகும், கடை போகும். எங்கள் தெருவே ஏமாற்றுக்காரத் தெரு என்று காலனி சொல்லும்.

சிலேட்டை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு ஓடினேன். இரண்டு நாளில் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று நம்பினேன். அத்தை பல்பத்தைப் பிடித்த பிடியில் அது இரண்டாக உடைந்தது.

“இன்னாத்துக்குடி இப்போ இந்தப் பேஜாரு? மாடு கத்திகினு கீது.”

மூன்று வீடு போனேன். யாரும் ஓர் எழுத்தைத் தாண்டவில்லை.

வெள்ளி சாயந்திரம் அம்மாவிடம் சொன்னேன். முறத்தில் இருந்த அரிசியைப் புடைப்பதை நிறுத்தினாள்.

“என் பேரை நீ போட்டியா?”

“ஆமா.”

“என் விரல் பாக்க அவ்ளோ அசிங்கமா கீதா?”

நான் முறத்தில் கல் பொறுக்கத் தொடங்கினேன். “நாளைக்குக் கூப்பிட்டா நான் கட்ட விரலத்தான் நீட்டுவேன். அப்பறம் உன் பாடு,” என்றாள்.

அப்படியே நடந்தது. காலனி ஆண்களின் கையெழுத்தைச் சரிபார்த்து அனுப்பிவிட்டு, எங்கள் தெருவில் முதலில் அம்மாவை அதிகாரி அழைத்தார். அம்மா விரலை நீட்டினாள். அவர் தாளையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல கையெழுத்து இருக்கேம்மா. யார் போட்டது?”

செயலாளரின் முகம் வெளுத்தது. நான் எழுந்தேன். “நான்தான் சார். இருபத்து மூணும்.”

“இது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா? இந்த மனு செல்லாது.” தாள்களை மடித்தார்.

அத்தை குறுக்கே வந்தாள். “அது பண்ணது தப்புதான் சார், வூட்ல வெச்சிக் கேக்கறோம். கடை வோணும்னது எங்க வாயிதானே? விரலு எங்கயும் போவல, இங்கதான் கீது.”

அதிகாரி சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரு மணி வரைக்கும் இருப்பேன். புது மனு. எல்லாரும் என் எதிர்ல.”

காலனி ஆண்கள் பலர் அதற்குள் அலுவலகம் போயிருந்தார்கள். அவர்கள் மனைவிமார்தான் வர வேண்டும். செயலாளர் ஒரு தெருவுக்கு ஓட, நானும் அத்தையும் மற்றவற்றுக்குப் போனோம். அத்தை அந்தக் கிரில் கேட்டுகளை முதல் தடவை தட்டினாள். “ரேஷன் கடைக்குக் கையெழுத்து, சீக்கிரம் வாங்க அக்கா.” சமையலைப் பாதியில் விட்டு வந்தார்கள். ஒரே வரிசை, எந்தப் பக்கத்து ஆள் என்று பார்த்துப் பிரிந்து நிற்க நேரமில்லை.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. மாடி வீட்டு அம்மா ஒருவர் மேசை முன் வந்தார். நான் பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, என்னிடம் மட்டும் கேட்கும்படி, “எனக்கும் அந்த மை போதும்மா. எல்லாம் அவர்தான் போடுவார்,” என்றார்.

பக்கத்தில் நின்ற அத்தை அவர் விரலைப் பிடித்தாள். “அழுத்தாதீங்க அக்கா, ஈஷிக்கும். இப்பிடி உருட்டுங்க.” விரலை எங்கே துடைப்பது என்று அந்த அம்மா தேட, “தலைமுடில தேய்ங்க, போயிடும்,” என்றாள்.

ஒவ்வொரு ரேகைக்கு அடியிலும் பெயர் எழுதி, சாட்சியாக என் சொந்தக் கையெழுத்தைப் போடச் சொன்னார் அதிகாரி. போட்டேன். இம்முறை வலது கையால், ஒரே பேனாவால்.

கடை அடுத்த தீபாவளிக்கு முன்பே வந்தது. ஆனால் அன்று அது எங்களுக்குத் தெரியாது.

கடைசியாக வந்தவள் அம்மா. விரலை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

“கீழ இன்னா எழுதின?”

“உன் பேரு.”

“நான் வெச்சப்பறம்தானே?”

“ஆமாம்மா.”

விரலைத் தலையில் தேய்த்துக்கொண்டு, எனக்காகக் காத்திருக்காமல் அத்தையோடு நடந்தாள்.