ஆறாவது வரியில் ஒரு டிக்

அந்த ஒன்பது நிமிடக் காட்சியைத் தொலைத்தது நான். ஜெபின் அல்ல.

இரண்டு வருடமாக எல்லோரும் ஜெபின் என்றே நம்புகிறார்கள். ஜெபினும் நம்புகிறார். நம்ப வைத்தது நான்தான்... இதை முதலிலேயே சொல்லிவிட்டால், மீதியை நீங்கள் என் பக்கம் சாயாமல் படிக்கலாம்.

கழக்கூட்டம் என்னும் ஊரில் ஒரு சிறிய எடிட்டிங் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வலியதுறையில் கடல் தின்னும் வீடுகளைப் பற்றி ரெமா சேச்சி ஓர் ஆவணப்படம் எடுத்தார். முதல் பாதியை நான் தொகுத்தேன். மறு பாதி ஜெபினுடையது. அவர் பாறசாலைக்காரர், வீட்டிலிருந்தே வேலை செய்பவர். அதுவரை கல்யாண வீடியோக்கள் மட்டுமே செய்தவர். ஒரு படத்தில் அவர் பெயர் வரப்போவது அதுவே முதல் முறை. வீட்டில் சொல்லிவிட்டதாக என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

நான் பயன்படுத்துவது ஒரு மென்பொருள், அவர் பயன்படுத்துவது வேறு. ஒன்றின் கோப்பை மற்றது திறக்காது. ஆகவே காட்சிகளைப் பொதுவான ஒரு வடிவத்துக்கு மாற்றி, ஹார்ட் டிஸ்கில் எழுதி, கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் அவர் கையில் கொடுப்பேன். அவர் அதைத் தன் மென்பொருளுக்கு ஏற்ப மறுபடி மாற்றிக்கொண்டு, டிஸ்கில் உள்ளதை அழித்துத் திருப்பித் தருவார்.

இதற்காக ஏழு வரியில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஐந்தாவது வரி: கோப்புகளை எண்ணு. ஆறாவது: ஒவ்வொன்றையும் திறந்து, நீளத்தை மூலக் காட்சியோடு ஒப்பிடு. ஏழாவது: மூலத்தை அழிக்கலாம்.

மாற்றும்போது என் மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். முழுக் காட்சியும் வேண்டுமா, எடிட்டில் பயன்பட்ட பகுதி மட்டும் போதுமா? முந்தைய வேலைக்கு நான் இரண்டாவதைத் தேர்ந்திருந்தேன். அந்தத் தேர்வை மாற்ற மறந்தேன், அது அப்படியே நின்றிருந்தது.

கோப்புகளை எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. சரி. எண்ணிக்கை சரியென்றால் நீளமும் சரியாக இருக்கும் என்று... இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை. ஆறாவது வரியில் டிக் போட்டேன். அடுத்த படப்பிடிப்புக்கு, மூலம் இருந்த டிஸ்கைக் கேட்டு ஒளிப்பதிவாளர் வாசலில் நின்றிருந்தார். மூலத்தை அழித்துக் கொடுத்தேன்.

அதில் ஸ்டெல்லா இருந்தார். வீடு விழுவதற்கு முந்தைய நாள், கேமராவை உள்ளே அழைத்துப்போய் ஒவ்வோர் அறையாகக் காட்டியவர். ஒன்பது நிமிடம். அதில் நான் எடிட்டில் பயன்படுத்தியது, அவர் கதவைச் சாத்தும் பன்னிரண்டு வினாடிகள் மட்டும்.

ஒரு வாரம் கழித்து ஜெபின் அழைத்தார்.

"மக்கா, ஸ்டெல்லா சேச்சி வீட்டுக்குள்ள நடக்கியது எனக்க கிட்ட பன்னெண்டு செகண்டுதான் கிடக்கு. உனக்க கிட்ட முழுசும் உண்டா?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்... குழப்பத்தில் சொல்லவில்லை.

"நான் முழுசாத்தான் தந்தேன் சேட்டா. நீங்க மாத்தும்போது கட் ஆயிருக்கும்."

"அப்படியும் வருமோ?"

"உங்க சாஃப்ட்வேர்ல வரும்."

ஜெபின் சிரித்தார். "இத்தனை கல்யாணத்துல ஒரு தாலிகெட்டு நான் விட்டதில்ல கேட்டியா. இதைப் போய் விட்டிருக்கேன் பாரு."

ஏன் அப்படிச் சொன்னேன்? பயமா? ரெமா சேச்சி திட்டுவார், அவ்வளவுதான், வேலை போயிருக்காது. எங்கள் தொழிலில் ஏதாவது காணாமல் போனால் அடுத்தவரின் மென்பொருளைக் குறை சொல்வது வழக்கம். சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. அந்த வசதி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இதைவிட நல்ல காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன்... இல்லை.

ரெமா சேச்சியிடம் பட்டியல் தாளைக் காட்டினேன். ஏழு டிக். "இவள் டிக் போட்டால் போட்டதுதான்" என்று மலையாளத்தில் சொன்னார். ஜெபினிடமிருந்த மறு பாதியும் என்னிடம் வந்தது. படத்தின் முடிவில் படத்தொகுப்பு என்று ஒரே ஒரு பெயர்தான் வருகிறது.

திரையிடலுக்கு ஸ்டெல்லா வந்திருந்தார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுக்களையும் காட்டினேனல்லோ மோளே, அது எவிடெ?"

நேரம் போதவில்லை சேச்சி என்றேன். அது இரண்டாவது பொய்.

அந்தக் காட்சியை முழுதாகப் பார்த்த கடைசி ஆள் நான். கேட்டால் வரிசையாகச் சொல்வேன்: பச்சை ஜன்னல், மாதாவின் படத்துக்குக் கீழே பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள், அடுக்களையில் அவர் திறந்து மூடிக் காட்டிய குழாய். தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து அவர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது நினைவில்லை.

போன மாதம் ஜெபினிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. மறுபடி கல்யாண வீடியோக்கள்தான். "மக்கா, உனக்க அந்த லிஸ்ட் ஒண்ணு அனுப்பு. இனி நானும் அதுபோல செய்யலாம்னு பாக்கேன்."

அனுப்பினேன். ஏழு வரிகளும் இருந்தபடியே.

மறுநாள் ஒரு புகைப்படம் வந்தது. அவர் மேசைக்கு மேல் சுவரில் என் பட்டியல். ஆறாவது வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'அன்று நான் விட்டது.'

'நல்லா இருக்கு சேட்டா' என்று பதில் எழுதினேன். இன்றுவரை வேறு எதுவும் எழுதவில்லை...